ஆறு மாதக் கணக்கு: தாடியஸ் ஸ்டீவன்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

1821-ஆம் ஆண்டு பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண் ஒரு வழக்கில் தோற்றுப்போனார். தானும் தன் பிள்ளைகளும் சுதந்திர மனிதர்கள், யாருக்கும் சொத்து ஆக முடியாது என்பதுதான் அவர் தரப்பு வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர்கள் மேரிலாந்தைச் சேர்ந்த டெலாப்ளேன் என்பவரின் அடிமைகள்தான் என்று தீர்ப்பாயிற்று. டெலாப்ளேனுக்காக வாதாடி ஜெயித்த வக்கீலுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அவர் பெயர் தாடியஸ் ஸ்டீவன்ஸ்.

அமெரிக்க வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் வேறு விதத்தில் பழக்கம். அடிமை முறையை ஒழித்த 13-ஆவது சட்டத்திருத்தம், எல்லோருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்று எழுதிவைத்த 14-ஆவது சட்டத்திருத்தம், குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணை என்று எதை எடுத்தாலும் முன்வரிசையில் நிற்பவர் அவர். ஒரே ஆள்தான். நடுவில் நாற்பத்தைந்து வருடம் இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாரிட்டி பட்லரை வீழ்த்திய அந்த வாதத்தை இனி எந்தக் கெட்டிக்கார வக்கீலும் எடுத்து வைக்க முடியாதபடி செய்வதற்கே அந்த நாற்பத்தைந்து வருடமும் செலவானது என்றுதான் நான் அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்கிறேன்.

அந்த வழக்கு

பென்சில்வேனியா 1780-லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் போட்ட மாநிலம். தெற்கு எல்லையைத் தாண்டினால் மேரிலாந்து, அங்கே அடிமை முறை அப்படியே இருந்தது. இரண்டு மாநிலத்துக்கும் இடையே ஆட்கள் போவதும் வருவதும் அன்றாடச் சங்கதி. வெளிமாநிலத்து எஜமானர்கள் தங்கள் வேலைக்கார அடிமைகளோடு வந்து தங்கினால் என்ன செய்வது? அதற்கு 1780 சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. வந்து தங்குகிறவர்கள் அடிமையை ஆறு மாதம் வரை உடன் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வைத்திருந்தால் அந்த அடிமை சுதந்திர மனிதர்.

இந்த ஆறு மாதக் கணக்கை வைத்து விளையாடியவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. பிலடெல்பியா தலைநகராக இருந்த காலத்தில், குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனே தன் வீட்டு அடிமைகளை ஆறு மாதம் முடிவதற்குள் மாநிலத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு மறுபடி வரவழைத்துக்கொண்டிருந்தார். நாள் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிடும்.

சாரிட்டியையும் அவருடைய பழைய எஜமானர் வீட்டார் பலமுறை பென்சில்வேனியாவுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். அந்த நாட்களை எல்லாம் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டுகிறது, ஆகவே அவர் சுதந்திரம் பெற்றுவிட்டார், அவர் வயிற்றில் பிறந்த பிள்ளைகளும் சுதந்திரமாகவே பிறந்தவர்கள் என்பது அவர் தரப்பு. ஸ்டீவன்ஸ் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு புள்ளியை. ஆறு மாதம் என்றால் இடைவிடாத ஆறு மாதம், விட்டுவிட்டு வந்த நாட்களைக் கூட்டக் கூடாது. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் நியாயமான வாசிப்பு என்று சொல்லலாம். அதுதான் மனதை உறுத்துகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, சாட்சியைக் கலைக்கவில்லை. ஒரு தாயும் பிள்ளைகளும் மனிதர்களா உடைமைகளா என்பது ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் போய் முடிந்தது. கட்சிக்காரருக்காக வாதாடுவது வக்கீலின் கடமை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்த வழக்கை ஏற்க வேண்டும் என்று ஸ்டீவன்ஸுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. இந்தக் கறையைத் துடைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியாக இருக்காது.

இரண்டு வருடம் கழித்து, 1823 ஜூலை 4 சுதந்திர தின விருந்தில் அவர் எழுந்து கோப்பையை உயர்த்தினார். ஒரு மனிதனுக்கும் விலங்கு பூட்டாத சுதந்திர மனிதர் ஒருவர் அடுத்த குடியரசுத் தலைவராக வர வேண்டும் என்றார். அதன் பிறகு தப்பி வந்தவர்களின் பக்கம் நின்றே வாதாடினார், அதுவும் கட்டணம் வாங்காமல்.

வந்த வழி

1792 ஏப்ரல் 4-ஆம் தேதி வெர்மான்ட் மாநிலத்தின் டேன்வில் ஊரில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. அண்ணனுக்கு இரண்டு பாதமும் அப்படி. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். நான்கு பையன்களை வைத்துக்கொண்டு அம்மா சேரா தனியாகப் பாடுபட்டார். பையனால் வயலில் வேலை செய்ய முடியாது, படிக்கத்தான் வைக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் ஊருக்குக் குடி பெயர்ந்தார். மகன் 1814-ல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

பிற்காலத்தில் வசதி வந்தபோது அந்த அம்மாவுக்கு 250 ஏக்கர் பண்ணையும் கறவை மாடுகளும் வாங்கிக் கொடுத்தார். அவ்வப்போது ஒரு தங்கக் காசும் கொடுப்பார். அம்மா அதைக் கொண்டுபோய் தன் தேவாலய உண்டியலில் போடுவார். தன் வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம் அதுதான் என்று ஸ்டீவன்ஸ் சொல்லியிருக்கிறார். அவருடைய உயிலிலும் அம்மா வருகிறார்: ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் கல்லறையின் நான்கு மூலையிலும் ரோஜாவும் கண்ணுக்குக் குளிர்ச்சியான வேறு பூக்களும் நட வேண்டும் என்று அதற்குப் பணம் ஒதுக்கி எழுதிவைத்தார்.

கல்லூரி முடிந்ததும் பென்சில்வேனியாவின் யார்க் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை, கூடவே சட்டப் படிப்பு. வேறு வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களுக்கு அந்த ஊர் வக்கீல்கள் கதவைத் திறக்கவில்லை. அதனால் எல்லை தாண்டி மேரிலாந்துக்குப் போய் அங்கே தேர்வு எழுதி வக்கீலானார். 1816-ல் கெட்டிஸ்பர்கில் பலகை மாட்டினார். போர்க்களமாகப் பெயர் பெறப்போகும் அதே கெட்டிஸ்பர்க்தான், அப்போது சின்ன ஊர். மேரிலாந்து எல்லை கூப்பிடு தூரம். தப்பி ஓடி வருகிறவர்களும் அவர்களைப் பிடிக்க வருகிறவர்களும் கடந்து போகும் பாதையில் ஒரு வக்கீல் கடை போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரிட்டி வழக்கு அவரைத் தேடி வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒரு பள்ளிக்கூடச் சட்டம்

1833-ல் மாநில சட்டமன்றத்துக்குப் போனார். மேசோனிய ரகசியச் சங்கத்தை எதிர்த்த கட்சியின் சார்பில் வென்றவர். அந்தக் கட்சி அரசியலில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. 1838 தேர்தல் தகராறில் அவர் ஹாரிஸ்பர்க் சட்டமன்றக் கட்டடத்தின் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்ப வேண்டியிருந்தது என்பதோடு அதை விட்டுவிடலாம்.

பள்ளிக்கூட விஷயம் அப்படியில்லை. 1834-ல் மாநிலம் இலவசப் பொதுப் பள்ளிகளுக்குச் சட்டம் போட்டது. வரி கட்ட வேண்டுமே என்று எதிர்ப்பு கிளம்பியது. யார் வீட்டுப் பிள்ளையோ படிக்க நான் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற கேள்விதான், வேறொன்றுமில்லை. அடுத்த வருடமே சட்டத்தை ரத்து செய்ய மாநில செனட் வாக்களித்துவிட்டது. கீழவையிலும் ரத்து நிச்சயம் என்ற நிலையில், 1835 ஏப்ரல் 11 அன்று ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். பேச்சு முடிந்து வாக்கெடுப்பு நடந்தபோது சட்டம் பிழைத்தது. செனட்டும் தன் முடிவை மாற்றிக்கொண்டது. வயலுக்குப் போக முடியாத ஒரு பையனைப் படிக்க வைக்க ஒரு தாய் ஊர் மாறிய கதையைத் தெரிந்துகொண்டு இந்த ஏப்ரல் நாளைப் பார்த்தால், அந்தப் பேச்சின் சூடு எங்கிருந்து வந்தது என்று புரியும்.

அப்புறம் 1837-ல் மாநில அரசியலமைப்பைத் திருத்த ஒரு மாநாடு கூடியது. புதிய ஆவணம் வாக்குரிமையை வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. அதுவரை வாக்களித்து வந்த கறுப்பினத்தவர்களும் அதை இழந்தார்கள். ஸ்டீவன்ஸ் கையெழுத்துப் போட மறுத்தார்.

லங்காஸ்டர் வீடு

இரும்பு உலைத் தொழிலில் இறங்கிப் பெரும் கடன் பட்டார். கடனை அடைக்க வேண்டும் என்றால் பெரிய ஊரில் வக்கீல் தொழில் பார்க்க வேண்டும். 1842-ல் லங்காஸ்டருக்கு மாறினார்.

அந்த வீட்டை நிர்வகித்தவர் லிடியா ஹாமில்டன் ஸ்மித், கலப்பினப் பெண், இரண்டு பையன்களோடு தனியாக நின்றவர். இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார். ஸ்டீவன்ஸ் அவரை எப்போதும் 'திருமதி ஸ்மித்' என்றே அழைத்தார். ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளைக்காரர்கள் பெயரைச் சொல்லி மட்டுமே கூப்பிட்ட காலம் அது. அவர்கள் உறவைப் பற்றி எதிரிகள் பத்திரிகைகளில் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். ஸ்டீவன்ஸ் பதில் சொல்லிக்கொண்டிருக்கவும் இல்லை, அவரை வீட்டை விட்டு அனுப்பவும் இல்லை. திருமதி ஸ்மித் சொந்தமாக வீடு வாங்கி, விடுதி நடத்தி, கெட்டிக்காரத் தொழில்முனைவராக வளர்ந்தார்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த இடத்தில் மாநாட்டு மையம் கட்டத் தோண்டியபோது, வீட்டுக்குப் பின்னால் மண்ணுக்கடியில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி கிடைத்தது. செங்கல் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு வெட்டப்பட்டிருந்தது. தப்பி வந்தவர்களை ஒளித்து வைத்த இடமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

1848-ல், அன்றைய இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி சார்பில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்வானார். 1850-ல் தப்பிய அடிமைகள் சட்டம் வந்தது. அதில் ஒரு ஷரத்து: பிடிபட்டவரை எஜமானரிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தால் விசாரணை அதிகாரிக்கு 10 டாலர், விடுதலை செய்தால் 5 டாலர்.

அடுத்த வருடம், 1851 செப்டம்பர் 11, லங்காஸ்டர் மாவட்டத்தின் கிறிஸ்டியானா கிராமம். எட்வர்ட் கோர்சச் என்ற மேரிலாந்து எஜமானர் தன்னிடமிருந்து தப்பியவர்களைப் பிடிக்க ஆட்களோடு வந்து, வில்லியம் பார்க்கர் என்ற கறுப்பினத்தவரின் வீட்டைச் சுற்றி வளைத்தார். உள்ளே இருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். சண்டையில் கோர்சச் இறந்தார். பார்க்கர் கனடாவுக்குப் போய்விட்டார். கிட்டத்தட்ட நாற்பது பேர் மீது மத்திய அரசு வழக்குப் போட்டது. கொலை வழக்கு இல்லை, தேசத்துரோக வழக்கு! முதலில் விசாரிக்கப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே. அவர் செய்த குற்றம், பிடிக்க வந்தவர்களுக்கு உதவ மறுத்தது. பிலடெல்பியாவில், சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடத்தின் மேல்மாடியில் விசாரணை நடந்தது. ஹான்வேக்காக வாதாடிய வக்கீல்களில் ஸ்டீவன்ஸ் ஒருவர். ஜூரி கால் மணி நேரத்தில் குற்றமற்றவர் என்று சொல்லிவிட்டது. மற்றவர்கள் மீதான தேசத்துரோக வழக்கும் அதோடு விழுந்தது.

சாரிட்டியைத் தோற்கடித்து முப்பது வருடம் ஆகியிருந்தது. இப்போது அதே எல்லை, அதே மேரிலாந்து எஜமானர்கள், ஸ்டீவன்ஸ் மட்டும் மேஜையின் மறுபுறம். இந்த வழக்கின் விலையையும் அவர் கட்டினார். 1852-ல் கட்சி அவரை மறுபடி வேட்பாளராக நிறுத்தவில்லை.

வாஷிங்டன்

1858-ல் குடியரசுக் கட்சியின் சார்பில் திரும்பி வந்தபோது அவருக்கு அறுபத்தாறு வயது. பெரும்பாலானவர்கள் ஓய்வெடுக்கும் வயதில்தான் அவருடைய முக்கியமான பத்து வருடம் தொடங்கியது. அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்கள் பிரிந்து போனதால் மூண்ட உள்நாட்டுப் போர்க் காலம் முழுக்க, காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் வரி, செலவு இரண்டையும் கவனிக்கும் குழுவுக்குத் தலைவர். 1862-ல் காகிதப் பணத்தைச் சட்டபூர்வ நாணயமாக்கிய மசோதா உட்படப் போருக்கான காசு அவர் கை வழியாகத்தான் போனது.

1863 ஜூன் மாதம், கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாள் முன்பு, தெற்குப் படைத் தளபதி ஜூபல் எர்லியின் ஆட்கள் வந்து அவருடைய கலிடோனியா இரும்பு உலையைக் கொளுத்தினார்கள். அவர் பிறந்த மாவட்டத்தின் பெயர் அதற்கு. அங்கே வேலை பார்த்த ஏழைக் குடும்பங்களைப் பற்றித்தான் கவலைப்பட்டார். தன் நஷ்டத்தைப் பற்றி அவர் எழுதியது, நாடு மீண்டு அடிமை முறையின் சுவடே இல்லாமல் போகுமானால் இது மலிவான விலை என்று.

13-ஆவது திருத்தம் 1865 ஜனவரி 31 அன்று 119-க்கு 56 என்ற கணக்கில் சபையைக் கடந்தது. ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். ஜான்சன் பதவிக்கு வந்தார். தெற்கு மாநிலங்கள் கறுப்பினத்தவர்களுக்கென்று தனிச் சட்டங்கள் போட்டு, பெயரில் மட்டும் இல்லாத அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவரத் தொடங்கின. டிசம்பரில் காங்கிரஸ் கூடியபோது, வருகைப் பட்டியல் வாசித்த எழுத்தர் எட்வர்ட் மெக்பெர்சன் தெற்கு மாநில உறுப்பினர்களின் பெயர்களை வாசிக்காமல் விட்டார், அதனால் அவர்கள் சபையில் இடம்பெற முடியவில்லை. அவர் கெட்டிஸ்பர்க்காரர், ஸ்டீவன்ஸின் ஆள்.

இப்போது 14-ஆவது திருத்தத்துக்கு வருகிறேன். இந்த ஆய்வின் நெஞ்சு இதுதான். 1866-ல் ஜான்சனின் மறுப்பையும் மீறிக் கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தரும் சிவில் உரிமைச் சட்டம் ஒன்று ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. பிறகு எதற்கு அரசியலமைப்புத் திருத்தம் என்று சிலர் கேட்டார்கள். மே 8 அன்று ஸ்டீவன்ஸ் சொன்ன பதில்: சட்டம் என்பது பெரும்பான்மை நினைத்தால் ரத்து செய்யக்கூடியது. எதிரிகள் சபையைக் கைப்பற்றும் முதல் நாளே அதை ரத்து செய்வார்கள் என்றார். வெள்ளையரைத் தண்டிக்கும் சட்டம் எதுவோ அதே சட்டம் அதே அளவில் கறுப்பினத்தவரைத் தண்டிக்கட்டும், வெள்ளையரைக் காக்கும் சட்டம் எதுவோ அது கறுப்பினத்தவரையும் சமமாகக் காக்கட்டும் என்று விளக்கினார்.

ஒரு செனட் வாக்கில் பள்ளிக்கூடச் சட்டம் சாகப் பார்த்ததை நேரில் கண்டவர் பேசுகிறார். ஒரு சட்டத்தின் விலக்குக்குள் நுழைந்து ஒரு குடும்பத்தை வெளியே இழுத்துக் கொடுத்தவரும் அவரே. சுதந்திரத்தை எங்கே வைத்தால் பத்திரமாக இருக்காது என்பது அவருக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும்.

திருத்தத்தின் முதல் பிரிவில் பெரும்பகுதியை வடித்தவர் ஓஹையோவின் ஜான் பிங்கம், அவரும் வக்கீல். சபைக்குள் அதை நடத்திக் கொண்டுபோனவர் ஸ்டீவன்ஸ். 'சட்டத்தின் சமமான பாதுகாப்பு' என்ற அந்தத் தொடர் பின்னாளில் இந்திய அரசியலமைப்பிலும் இடம்பிடித்தது. எண் கூட அதேதான், 14-ஆவது பிரிவு.

அவர் கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை அந்தத் திருத்தத்தில் நேரடியாக வரவில்லை. போரில் தெற்கின் பக்கம் நின்ற கிளர்ச்சியாளர்கள் வாக்களிப்பதற்கு இருந்த தடையைச் செனட் இளக்கியது. இரண்டாம் பிரிவில் 'ஆண்' என்ற சொல் முதன்முறையாக அரசியலமைப்புக்குள் நுழைந்தது. பெண்கள் வாக்குரிமைக்குப் போராடியவர்கள் கொதித்தார்கள், அவர்கள் கோபம் நியாயமானது. 1866 ஜூன் 13, இறுதி வாக்கெடுப்பு நாள். ஸ்டீவன்ஸ் எழுந்து, இளமையிலும் நடுவயதிலும் முதுமையிலும் தான் கண்ட கனவைச் சொன்னார். இந்த நாட்டின் அமைப்புகளை எல்லாம் ஒடுக்குமுறையின் சுவடே இல்லாமல் புதிதாக வார்த்துவிடலாம் என்று நம்பியிருந்தேன், அந்தக் கனவு கலைந்துவிட்டது, பழைய கட்டடத்தின் மோசமான இடங்களை ஒட்டுப்போடுவதோடு நிறைவடைய வேண்டியிருக்கிறது என்றார். இவ்வளவு குறையுள்ள ஒன்றை ஏன் ஏற்கிறேன் என்றால், நான் தேவதூதர்கள் நடுவே வாழவில்லை, மனிதர்கள் நடுவே வாழ்கிறேன் என்று முடித்தார். 120-க்கு 32 வாக்கில் நிறைவேறியது.

விளையாத இரண்டு

முதலாவது நிலம். 1865 செப்டம்பரில் லங்காஸ்டரிலேயே ஒரு திட்டத்தைச் சொன்னார். 200 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த தெற்குப் பெருநிலக்காரர்களின் நிலத்தை எடுத்து, விடுதலை பெற்ற ஒவ்வொரு ஆணுக்கும் 40 ஏக்கர் கொடுப்பது, மிச்சத்தை விற்றுப் போர்க்கடனை அடைப்பது. 1867 மார்ச்சில் மசோதாவாகவும் கொண்டுவந்தார். சொந்தக் கட்சியே பின்வாங்கியது. நேற்றுவரை அடிமையாக இருந்தவர் பழைய எஜமானரின் நிலத்தில் குத்தகைக்காரராக நின்றால் அவருடைய வாக்குச்சீட்டு எத்தனை நாளைக்கு அவர் கையில் இருக்கும்? அவர் பயந்ததுதான் நடந்தது. அவர் தோற்றவற்றிலேயே அந்த நாட்டுக்கு அதிக விலை வைத்தது இதுதான் என்பேன்.

இரண்டாவது ஜான்சன் விசாரணை. போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை ஜான்சன் நீக்க முயன்றதும், 1868 பிப்ரவரி 24 அன்று சபை 126-க்கு 47 என்று குற்றம் சாட்டியது. ஸ்டீவன்ஸால் அப்போது நடக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இறுதி வாதத்தைத் தொடங்கினார், குரல் எழவில்லை, மிச்சத்தைப் பெஞ்சமின் பட்லர் வாசித்தார். மே 16 அன்று செனட்டில் 35-க்கு 19, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக் குறைவு. இங்கே அவருடைய வக்கீல் கண் தவறிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஜான்சன் செய்த உண்மையான கேடு தெற்கில் நடந்துகொண்டிருந்தது, குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவையோ ஓர் அமைச்சரை நீக்கும் நடைமுறைச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கின.

கடைசி வாரங்கள்

1868 ஜூலை 28 அன்று 14-ஆவது திருத்தம் அரசியலமைப்பின் பகுதியாகிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. சரியாகப் பதினான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 11 நள்ளிரவில், வாஷிங்டனில் ஸ்டீவன்ஸ் இறந்தார். திருமதி ஸ்மித் பக்கத்தில் இருந்தார். காங்கிரஸ் கட்டடத்தின் நடு மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டது, காவல் நின்றது கறுப்பினப் படை வீரர்கள்.

உயிலில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் கட்டப் பணம் ஒதுக்கினார், இன வேறுபாடு பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. 1905-ல் லங்காஸ்டரில் தொடங்கிய அந்தப் பள்ளிதான் இன்று அவர் பெயரில் இயங்கும் தொழில்நுட்பக் கல்லூரி. திருமதி ஸ்மித்துக்கு வாழ்நாள் முழுக்க வருடம் 500 டாலர், அல்லது மொத்தமாக 5,000, எது வேண்டுமோ அவர் விருப்பம். அவர் அதோடு தன் சேமிப்பையும் சேர்த்து லங்காஸ்டர் வீட்டை விலைக்கு வாங்கினார்.

ஊரின் மற்ற கல்லறைத் தோட்டங்கள் கறுப்பினத்தவர்களை ஏற்காது என்று தெரிந்ததும், எல்லோரையும் ஏற்கும் ஒரு சிறிய கல்லறைத் தோட்டத்தைத் தனக்குத் தேர்ந்தெடுத்திருந்தார் ஸ்டீவன்ஸ். ஏன் இங்கே படுத்திருக்கிறேன் என்று கல்லில் பொறிக்க வேண்டியதைத் தானே எழுதியும் வைத்தார். தனிமை பிடித்து இங்கே வரவில்லை, படைத்தவன் முன் மனிதர்கள் சமம் என்று நீண்ட வாழ்நாளில் வாதாடியதைச் சாவிலும் காட்டவே வந்தேன் என்பது அதன் சாரம். 1884-ல் இறந்த லிடியா ஸ்மித், அந்தக் கல்லறையைத் தொடர்ந்து பராமரிக்கத் தன் உயிலில் பணம் எழுதிவைத்திருந்தார்.